நிறுத்தவும் மாறவும் இயலாத மனம்: அல்சைமர் நோயில் அடக்கல் திறனும் பணிமாற்றத் திறனும்

அல்சைமர் நோய் என்றதும் மறதியே எவர் மனத்திலும் முதலில் எழுகிறது. காலையில் உண்டதை மாலையில் மறப்பது, கேட்டதையே மீண்டும் கேட்பது, பழகியவர்களின் பெயர் நாவில் வராமல் நழுவுவது ஆகியவை அந்நோயின் அடையாளங்களாகப் பொதுமக்களிடையே நிலைபெற்றுவிட்டன. மருத்துவ நூல்களும் நினைவிழப்பையே அதன் மையக் குறியாகக் கொள்கின்றன. அதில் பிழையில்லை. ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளில் உளவியலாளரும் நரம்பியல் மருத்துவரும் மேற்கொண்ட ஆய்வுகள் வேறொரு குறைபாட்டையும் தெளிவாகக் காட்டியுள்ளன. தொடங்கிய செயலை உரிய இடத்தில் நிறுத்துவதும், முந்திக்கொண்டு வரும் பொருந்தாத விடையை அடக்குவதும், ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்கு மனத்தைத் திருப்புவதும் இந்நோயாளிகளுக்குக் கடினமாகின்றன; பலரிடம் இக்கடினம் நோயின் தொடக்கத்திலேயே தென்படுகிறது. நினைவிழப்பைக் குடும்பத்தினர் நோய் என்று புரிந்துகொள்கின்றனர். இதையோ பிடிவாதம், அலட்சியம், வேண்டுமென்றே செய்வது என்று கொண்டு வருந்துகின்றனர். இக்குறைபாட்டின் தன்மை என்ன, அது நோயாளியிடம் எங்கும் ஒரே அளவில் பரவியுள்ளதா, மூளையில் அதற்குக் காரணம் யாது என்பவை பல்லாண்டு விவாதத்திற்குப் பின் ஓரளவு விடை கண்ட வினாக்கள்.

மனத்தின் பல பணிகளை ஒழுங்குபடுத்தி, ஒரு நோக்கத்தை நோக்கி அவற்றைச் செலுத்தும் மேல்நிலை ஆற்றல்களை உளவியலார் செயலாட்சித் திறன்கள் என்கின்றனர். பார்ப்பது, பேசுவது, நினைவுகூர்வது போன்றவை தனித்தனித் திறன்கள். அவற்றுள் எதை இப்போது பயன்படுத்துவது, எதை ஒதுக்குவது, எப்போது மாற்றுவது என்று தீர்மானிப்பது செயலாட்சி. அகிரா மியாகேவும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, இத்திறன்களுள் மூன்றைத் தனித்துக் காட்டியது: பழக்கத்தால் முந்தி வரும் எதிர்வினையை அடக்குவது, ஒரு பணியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது, மனத்தில் வைத்திருக்கும் செய்தியைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது. இம்மூன்றும் ஒன்றோடொன்று உறவுடையவை என்றாலும் ஒன்றே அல்ல என்பதே அவ்வாய்வின் முடிவு. இக்கட்டுரை முதலிரண்டைப் பற்றியது. மூன்றாவது, அதாவது செயல் நினைவு எனப்படும் குறுகிய நேர நினைவுக்களம், அவ்விரண்டிற்கும் அடித்தளமாக இடையிடையே வந்துகொண்டேயிருக்கும்.

இந்நோயை முதன்முதலில் விவரித்த அலோயிஸ் அல்சைமரின் குறிப்புகளிலேயே இக்குறைபாட்டின் தடயம் உண்டு. பிராங்பர்ட் மனநல மருத்துவமனையில் 1901இல் சேர்க்கப்பட்ட 51 வயதுப் பெண்ணான அகஸ்டே டெட்டரைப் பற்றி அவர் 1906இல் டியூபிங்கன் நகரில் உரையாற்றினார். மறு ஆண்டு அச்சான அவ்வுரை, அப்பெண் எழுதும்போது சில அசைகளையே திரும்பத் திரும்ப எழுதினார் என்றும் வேறு சிலவற்றை விட்டுவிட்டார் என்றும் பதிவு செய்கிறது. முடிந்துபோன செயலையோ சொல்லையோ விட முடியாமல் மீண்டும் நிகழ்த்தும் இவ்வியல்பை இன்று பிடிவிடாமை என்று குறிக்கலாம். எனினும் நோயின் இலக்கணத்தை வகுத்தவர்கள் நினைவின்மீதே கண் வைத்திருந்ததால், இது நெடுங்காலம் துணைக்குறியாகவே கருதப்பட்டது.

கவனம் திரும்பியது 1980களில். பால்டு, காட்ஸ்மன் முதலியோர் 1982இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சொற்பட்டியலை நினைவுகூரும்போது முந்தைய பட்டியலின் சொல்லோ தொடர்பற்ற வேறு சொல்லோ இடையில் புகுந்துவிடும் ஊடுருவல் பிழை, அல்சைமர் நோய்க்கான அடையாளம் என்று வாதிட்டனர். இறந்தவர்களின் மூளைத் திசுவில் கண்ட மாற்றங்களோடும் அதை இணைத்துக் காட்டினர். இதன் உட்பொருள் முக்கியமானது. மறதி என்பது இருக்க வேண்டியது இல்லாமற்போவது. ஊடுருவலோ வரக்கூடாதது வந்துவிடுவது. முன்னதை நினைவின் குறை என்றால், பின்னதை அடக்கலின் குறை என்றே கொள்ள வேண்டும். ஆலன் பேட்லியும் அவரோடு பணியாற்றியவர்களும் 1986இலும் 1991இலும், ஒரே நேரத்தில் இரு வேலைகளைச் செய்யச் சொன்னால் அல்சைமர் நோயாளிகள் தனித்தனியே அவற்றைச் செய்யும் அளவைவிட மிகவும் தடுமாறுகின்றனர் என்றும், காலம் செல்லச் செல்ல அத்தடுமாற்றம் வளர்கிறது என்றும் காட்டினர். 1999இல் பெரியும் ஹாட்ஜஸும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, நினைவுக்கு அடுத்தபடி முதலில் பாதிக்கப்படுவது கவனமும் செயலாட்சியுமே, மொழியும் இடவுணர்வும் பெரும்பாலும் அதன் பின்னரே என்ற முடிவுக்கு வந்தனர்.

அடக்கல் திறனை அளக்க மிக அதிகமாகப் பயன்பட்டது ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட சோதனை. பச்சை மையால் ‘சிவப்பு’ என்று எழுதியிருக்கும். சோதிக்கப்படுபவர் சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் கூற வேண்டும். படிக்கத் தெரிந்தவருக்கு எழுத்தைக் கண்டதும் அதை வாசிப்பது முயற்சியின்றியே நிகழ்வதால், வாய்வரை வரும் ‘சிவப்பு’ என்னும் விடையை அடக்கிப் ‘பச்சை’ என்று சொல்ல உழைப்பு தேவைப்படுகிறது. முதுமையில் எவருக்கும் இது சற்று மெதுவாகிறது; முதுமையின் அறிவாற்றல் தளர்ச்சிக்கே அடக்கல் குறைவுதான் காரணம் என்னும் கோட்பாட்டை ஹாஷரும் சாக்ஸும் 1988இல் முன்வைத்தனர். ஆகவே நோயாளி மெதுவாகச் செய்கிறார் என்பதால் மட்டும் எதுவும் நிறுவப்பட்டுவிடாது. நோயை முதுமையிலிருந்து பிரித்துக் காட்டியது வேகம் அல்ல, பிழையின் தன்மை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்பீலர், பலோட்டா, பாஸ்ட் ஆகியோர் 1996இல் கண்டது இது: நலமுள்ள முதியவர் நேரத்தைக் கூடுதலாகச் செலவிட்டு விடையைச் சரியாகச் சொல்கிறார், அல்சைமர் நோயாளி நிறத்திற்குப் பதில் சொல்லையே வாசித்துவிடுகிறார். முன்னவரிடம் கடிவாளம் தளர்ந்திருக்கிறது, பின்னவரிடம் அது கையை விட்டு நழுவிவிடுகிறது. பலோட்டாவின் குழுவினர் 2010இல் இன்னும் ஒரு படி சென்று, சோதனையின்போது நலமாக இருந்த முதியவர்களுள் பின்னாளில் யாருக்கு நோய் வரும் என்பதை ஸ்ட்ரூப் பிழைகள் முன்கூட்டியே உணர்த்தக் கூடியவை என்று காட்டினர். நினைவைப் பற்றி எதுவும் கேளாமல், நிறம் கூறச் சொன்ன ஒரு சிறு சோதனை இவ்வளவு சொல்லும் என்பது இத்துறையின் மிகக் கவனிக்கத்தக்க கண்டுபிடிப்புகளுள் ஒன்று.

சொற்களின் உலகில் இதே குறைபாட்டை ஹெய்லிங் சோதனை வெளிக்கொணர்கிறது. பர்கெஸ்ஸும் ஷாலிஸும் 1996இல் வடிவமைத்த அதில், இறுதிச் சொல் விடுபட்ட வாக்கியங்கள் தரப்படும். தமிழில் ஓர் எடுத்துக்காட்டு கூறினால், “வெளியே மழை பெய்ததால் அவர் கையில் எடுத்துச் சென்றது” என்னும் தொடரை முதற்பகுதியில் ‘குடை’ என்று முடித்தால் போதும். இரண்டாம் பகுதியிலோ வாக்கியத்தோடு எவ்வகையிலும் தொடர்பில்லாத, ‘தேங்காய்’ போன்ற ஒரு சொல்லைக் கூற வேண்டும். ‘குடை’ தானாக வந்து நிற்கும். அதைத் தள்ளிவைத்து வேறொன்றைத் தேட வேண்டும். கொலெட், வான் டெர் லிண்டன், சால்மோன் ஆகியோரின் 1999ஆம் ஆண்டு ஆய்வும், சில்வி பெல்வில் குழுவினரின் 2006ஆம் ஆண்டு ஆய்வும் அல்சைமர் நோயாளிகள் இரண்டாம் பகுதியில் பெரிதும் தடுமாறுவதை எடுத்துக்காட்டின.

இத்தகைய முடிவுகள் குவிந்தபோது, இந்நோயில் அடக்கல் திறன் முழுவதுமே சிதைகிறது என்று கூறிவிடும் ஆசை எழுந்தது இயல்பே. அந்த ஆசையைத் தடுத்து நிறுத்தியது பிரான்சின் போர்தோ நகரைச் சேர்ந்த எலேன் அமியேவாவின் பணி. அவரும் அவருடைய குழுவினரும் 2002இல் ஒரே நோயாளிகளுக்குப் பல வகை அடக்கல் சோதனைகளை அளித்தனர். ஸ்ட்ரூப் சோதனையிலும், தொடங்கவிருக்கும் செயலை ஓர் ஒலி கேட்டதும் நிறுத்தச் சொல்லும் சோதனையிலும் நோயாளிகள் தெளிவாகப் பின்தங்கினர். ஆனால் ஒரு குறியைக் கண்டால் பொத்தானை அழுத்தவும் வேறொன்றைக் கண்டால் அழுத்தாதிருக்கவும் சொல்லும் எளிய சோதனையில் அவர்கள் அவ்வளவாகக் குறையவில்லை. 2004இல் அவர் பிறரோடு எழுதிய விரிவான மறுபார்வை இவ்வேற்றுமையைப் பகுத்துக் கூறியது. அறிந்தே, முயன்று, ஒரு நோக்கத்தை மனத்தில் நிறுத்திச் செய்ய வேண்டிய அடக்கல் நோயில் பாதிக்கப்படுகிறது. அறியாமலே நிகழும் அடக்கல் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. பின்னதற்குச் சான்று, ஓரிடத்தை ஒருமுறை கவனித்துவிட்ட பின் கவனம் அங்கே உடனே திரும்பிச் செல்லத் தயங்கும் இயல்பு. புதிய இடங்களைத் தேட உதவும் இவ்வியல்பு அல்சைமர் நோயாளிகளிடம் குலையாமல் இருப்பதைப் பாஸ்டும் பலோட்டாவும் 1997இல் கண்டிருந்தனர்.

இப்பாகுபாடு எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. சற்றுமுன் புறக்கணித்த பொருளுக்கே அடுத்து எதிர்வினை ஆற்ற நேர்ந்தால் சற்றுத் தாமதம் ஏற்படுவது நலமுள்ளவரிடம் காணப்படும் ஒரு விளைவு. அது தானாகவே நிகழ்வதாகப் பலரும் கருதினாலும், அல்சைமர் நோயாளிகளிடம் அது குறைந்தோ மறைந்தோ போவதைச் சில ஆய்வுகள் கண்டன. தானாக நிகழ்வது, முயன்று செய்வது என்ற இருமைக்கு நடுவே பல படிகள் இருக்கலாம். ஆயினும் நோயாளியின் அடக்கல் திறனை ஒற்றைச் சொத்தாகக் கருதி, ஒரே சோதனையால் அது உண்டு அல்லது இல்லை என்று தீர்ப்புச் சொல்வது தவறு என்பதை அமியேவாவின் பணி ஐயமின்றி நிறுவியது.

பணிமாற்றம் இதைவிடச் சிக்கலானது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது எவருக்கும் சிறிது நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது என்பதை ஜெர்சில்ட் 1927இலேயே அளந்தார். மாறுவதற்கு ஆயத்தமாகப் போதிய நேரம் கொடுத்தாலும் அச்செலவு முற்றிலும் மறைவதில்லை என்று ரோஜர்ஸும் மான்செலும் 1995இல் காட்டினர். அதற்கு ஒரு விளக்கம் ஆல்போர்ட் குழுவினர் 1994இல் தந்தது: முந்தைய வேலைக்காக மனம் அமைத்துக்கொண்ட முறை வேலை முடிந்ததும் கலைந்துவிடுவதில்லை, அது எஞ்சி நின்று புதிய வேலையோடு போட்டியிடுகிறது. அவ்வாறெனில் மாறுவது என்பது புதியதைத் தொடங்குவது மட்டுமன்று, பழையதை அடக்குவதும் ஆகும். இங்கேதான் இரு திறன்களும் சந்திக்கின்றன.

மருத்துவமனைகளில் பணிமாற்றத்தை அளக்கப் பரவலாகப் பயன்படுவது, அமெரிக்க இராணுவத்தின் 1944ஆம் ஆண்டுச் சோதனைத் தொகுப்பில் இடம்பெற்ற தடம் இணைக்கும் சோதனை. முதற்பகுதியில் தாளில் சிதறிக் கிடக்கும் 1 முதல் 25 வரையான எண்களை வரிசையாகக் கோட்டால் இணைக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் 13 எண்களையும் 12 எழுத்துகளையும் மாற்றி மாற்றி இணைக்க வேண்டும். தமிழில் அமைத்தால் 1, அ, 2, ஆ, 3, இ என்று செல்லும். உயிரெழுத்துகள் பன்னிரண்டும் கணக்குக்குச் சரியாகவே பொருந்துகின்றன. அமியேவாவும் பிறரும் 1998இல் அல்சைமர் நோயாளிகள் இதில் செய்யும் பிழைகளை வகைப்படுத்தியபோது, அவை வெறும் குழப்பமாக இருக்கவில்லை. 3க்குப் பின் எழுத்துக்குச் செல்ல வேண்டிய கை, எண் வரிசையிலேயே தொடர்ந்து 4க்குச் சென்றுவிடுகிறது. அல்லது சரியான இலக்கை விட்டுவிட்டு அருகில் கண்ணில் படுவதை இணைத்துவிடுகிறது. முதலாவது பழகிய வரிசையை அடக்க இயலாமை, இரண்டாவது கண்முன் நிற்பதன் ஈர்ப்பை அடக்க இயலாமை. எண்ணோ எழுத்தோ தெரியாததால் இப்பிழைகள் நேரவில்லை.

ஸ்ட்ரூப் சோதனையையும் பணிமாற்றத்தையும் ஒன்றாக இணைத்தால் என்ன நேரும் என்பதை ஹட்சிசன், பலோட்டா, டுச்செக் ஆகியோர் 2010இல் ஆராய்ந்தனர். ஒருமுறை சொல்லை வாசிக்கவும் வேறொரு முறை மையின் நிறத்தைக் கூறவும் மாறி மாறிக் கட்டளையிட்டனர். சொல்லும் நிறமும் முரண்படும் இடங்களில் நேர்ந்த பிழைகளின் அளவு, நலமுள்ள முதியவர்களை மிகத் தொடக்க நிலை நோயாளிகளிடமிருந்து பிரித்துக் காட்டுவதில், அவர்களுக்கு அளிக்கப்பட்ட மற்ற 18 அறிவாற்றல் சோதனைகளுள் எதையும் விஞ்சி நின்றது. நினைவே இந்நோயின் ஒரே நுழைவாயில் என்னும் எண்ணத்தை இம்முடிவு அசைத்துவிடுகிறது.

கண்ணசைவு ஆய்வுகள் இதற்கு மேலும் ஒரு நுட்பத்தைச் சேர்த்தன. திரையின் ஒரு பக்கத்தில் ஒளி தோன்றினால் கண் தானாக அங்கே பாயும். அதைத் தடுத்து எதிர்ப்பக்கம் நோக்கச் சொல்வது ஹாலெட் 1978இல் வகுத்த சோதனை. நலமுள்ளவரும் சிலமுறை தவறி ஒளியை நோக்குவதுண்டு, ஆனால் உடனே திருத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிடுவர். இங்கிலாந்தின் டிரெவர் கிராபோர்டும் உடன் ஆய்வாளரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், அல்சைமர் நோயாளிகளிடம் திருத்தப்படாத தவறுகள் மிகுந்திருந்தன. நோயின் கடுமை கூடும்போது அவையும் கூடின. தவறுவதைவிடத் தவறியதைத் திருத்தாமையே நோயின் முத்திரை என்பது இக்கட்டுரையின் பொருளுக்கு மையமானது. அடக்க வேண்டும் என்னும் கட்டளையை நோயாளி முதலில் புரிந்துகொள்ளாமல் இல்லை. செயலின் நடுவே அக்கட்டளை மனக்களத்திலிருந்து நழுவிவிடுகிறது, நழுவியதை எடுத்துச் சொல்லும் கண்காணிப்பும் தளர்ந்துவிடுகிறது.

இதுகாறும் கூறியவற்றை ஒருங்கே நோக்கினால், அல்சைமர் நோயில் பழுதாவது தடுக்கும் விசை என்பதைவிட, எதற்காகத் தடுக்க வேண்டும் என்னும் நோக்கத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும் ஆற்றல் என்றே கருதத் தோன்றுகிறது. விதி எளியதாகவும் மாறாததாகவும் இருக்கும் சோதனையில் நோயாளி தாக்குப்பிடிக்கிறார். விதியை நொடிக்கு நொடி நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு எதிராக நிற்கும் பழக்கத்தோடு போராட வேண்டிய இடத்தில் வீழ்கிறார். அடக்கலும் பணிமாற்றமும் ஒருசேரக் குலைவதற்கும் இதுவே காரணமாகலாம். எல்லா ஆய்வாளரும் இதை ஏற்பதில்லை. ஆயினும் மாறுபட்டுத் தோன்றும் முடிவுகளை ஒரே இழையில் கோக்க இவ்விளக்கமே மிகுதியும் துணைபுரிகிறது.

மூளையின் நிலையை நோக்கும்போது முதலில் ஒரு புதிர் எதிர்ப்படுகிறது. ஹைக்கோ பிராக்கும் ஏவா பிராக்கும் 1991இல் வகுத்த படிநிலைகளின்படி, நரம்பணுக்களுக்குள் முறுக்கிய இழைகளாகத் திரளும் டவ் புரதம் முதலில் நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸின் அண்டைப் பகுதியில் தோன்றி, பிற்பட்ட படிகளிலேயே மூளைப் புறணியெங்கும் பரவுகிறது. செயலாட்சியின் இருப்பிடமாக மரபாகக் கருதப்பட்டதோ நெற்றிக்குப் பின்னுள்ள முன்மடல். அது பின்னரே பாதிக்கப்படுவதெனில், அடக்கல் குறைபாடு முன்னரே தோன்றுவது எவ்வாறு? கொலெட் குழுவினரின் 2002ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு நேரடியாக விடை தேடியது. மூளையின் சர்க்கரைப் பயன்பாட்டைக் காட்டும் படமெடுப்பின் துணையால் நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்தனர்: மூளையின் பிற்பகுதியில் மட்டும் செயல்பாடு குறைந்தவர்கள், பிற்பகுதியோடு முன்மடலிலும் குறைந்தவர்கள். அடக்கல் சோதனைகளில் இரு குழுவினரும் ஒரே அளவு பின்தங்கினர். முன்மடலின் அழிவு மட்டுமே காரணம் அன்று என்பது இதனால் தெளிவாயிற்று. முன்பகுதியையும் பிற்பகுதியையும் இணைக்கும் நரம்புப் பாதைகள் துண்டிக்கப்படுவதே காரணம் என்று அவ்வாய்வாளர்கள் கருதினர். அல்சைமர் நோயைத் தொடர்பறு நோயாகக் காணும் பார்வை அதன்பின் வலுப்பெற்றது.

இன்னொரு காரணம் வேதியியல் சார்ந்தது. கவனத்தை ஒருமுகப்படுத்த உதவும் அசிட்டைல்கோலின் என்னும் பொருளை மூளைப் புறணிக்கு வழங்கும் மேய்னெர்ட் அடிக்கருவும், விழிப்பையும் மாற்றத்திற்கான ஆயத்தத்தையும் தூண்டும் நார்அட்ரினலினை வழங்கும், மூளைத்தண்டிலுள்ள நீலப்புள்ளி என்னும் சிறு அணுத்திரளும் இந்நோயில் சேதமடைகின்றன. பின்னதில் டவ் மாற்றங்கள் மிக இளமையிலேயே தொடங்கிவிடுகின்றன. முன்மடல் உருவில் சிதையாமல் இருக்கும்போதே அதற்கு வரவேண்டிய ஊட்டம் வற்றத் தொடங்குகிறது.

எல்லா நோயாளிகளும் ஒரே வகையினர் அல்லர். ஸ்வான்பெர்க் குழுவினர் 2004இல் ஆராய்ந்த அல்சைமர் நோயாளிகளுள் 64 விழுக்காட்டினரிடம் செயலாட்சிக் குறைபாடு காணப்பட்டது. எஞ்சியோரிடம் அது அந்த அளவுக்கு இல்லை. சிறுபான்மையினரிடம் நினைவைவிடச் செயலாட்சியே முதலிலும் கடுமையாகவும் குலைகிறது. ஜான்சனும் பிறரும் 1999இல் இதை முன்மடல் வகை அல்சைமர் என்று விவரித்தனர். நடத்தையும் சமூக ஒழுக்கமும் மாறிப்போகும் முன்மடல்-பக்கமடல் மறதிநோயோடு இவ்வகையை எளிதில் குழப்பிக்கொள்ள நேரும் என்பதால், அடக்கல் சோதனையில் தோற்றார் என்பதை மட்டும் கொண்டு எந்நோய் என்று முடிவு கட்டுவது பொருந்தாது.

ஆய்வுக்கூடத்தில் நொடிகளாகவும் பிழைகளாகவும் அளக்கப்படுவது வீட்டில் வேறு உருவில் வெளிப்படுகிறது. அடுப்பில் ரசம் கொதிக்கும்போது தொலைபேசி ஒலித்தால், பேசி முடித்தவர் அடுப்புக்குத் திரும்பாமல் போகலாம். திரும்பினாலும் போட்ட உப்பையே மீண்டும் போடலாம். சட்டையை மாட்டியவர் அதன்மேலேயே இன்னொரு சட்டையை மாட்டுகிறார். பேச்சு வேறு பொருளுக்குச் சென்ற பின்னும் முந்தைய பொருளைப் பற்றியே விடை கூறுகிறார். தொலைபேசியில் வங்கி விவரம் கேட்பவரிடம் சொல்லக்கூடாது என்று அறிந்திருந்தும் கேட்டவுடன் சொல்லிவிடுகிறார். நடந்துகொண்டே பேசும்போது நடையின் சீர் குலைகிறது. ஷெரிடன், ஹவ்ஸ்டார்ப் ஆகியோர் 2003இல் பிறரோடு செய்த ஆய்வில், நடக்கும்போதே வேறொரு மனவேலையும் தரப்பட்ட அல்சைமர் நோயாளிகளின் எட்டுகள் மேலும் ஒழுங்கிழந்தன. விழுந்து எலும்பு முறிவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கூடும். பாயிலும் உடன் ஆய்வாளரும் 2003இல் காட்டியபடி, அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் ஆற்றல் குறைவதோடு செயலாட்சிக் குறைபாடும் ஆர்வமின்மையும் நெருங்கிய தொடர்புடையவை. ஒருவர் எவ்வளவு மறக்கிறார் என்பதை மட்டும் அளந்தால், அவர் தனியே வாழ முடியுமா என்னும் வினாவுக்கு விடை கிடைப்பதில்லை.

இரு மொழி பேசுவோரைப் பற்றிய ஆய்வுகள் இங்கே தனிக் கவனம் பெறத் தக்கவை. இரு மொழி அறிந்தவர் ஒன்றைப் பேசும்போது மற்றதை அடக்கியாக வேண்டும். கேட்பவர் மாறினால் மொழியையும் மாற்ற வேண்டும். வாழ்நாள் முழுதும் நடக்கும் இப்பயிற்சி மூளைக்கு ஒரு சேமிப்பாகுமா என்னும் வினாவை டொரன்டோவில் பியாலிஸ்டாக், கிரெய்க், பிரீட்மன் ஆகியோர் 2007இல் எழுப்பி, இருமொழியாளரிடம் அல்சைமர் உள்ளிட்ட மறதிநோய்களின் அறிகுறிகள் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தாமதமாகத் தோன்றின என்று தெரிவித்தனர். பெரும்பாலும் குடியேறியவர்களே அங்கு இருமொழியாளராக இருந்ததால் எழுந்த ஐயத்தைத் தீர்க்க உதவியது இந்திய ஆய்வு. ஐதராபாத்தின் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடியும் பிறரும் 648 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரையில், இருமொழியாளருக்கு நோய் சராசரியாக 4.5 ஆண்டுகள் பிந்தியே தொடங்கியது. பள்ளிக்கே செல்லாதவர்களிடமும் இத்தாமதம் காணப்பட்டதால் கல்வியை அதற்குக் காரணமாக்க முடியவில்லை. ஆனால் நலமாக இருப்போரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தவில்லை. நியூயார்க்கில் ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகளைத் தொடர்ந்த ஜஹோட்னி குழுவினர் 2014இல் இருமொழியால் நோயின் வாய்ப்பு குறைந்ததாகக் காணவில்லை. மருத்துவமனைக்கு வந்தோரை மட்டும் பின்னோக்கி ஆராய்வதில் பல சாய்வுகள் நுழையக்கூடும் என்பதால், இவ்வழக்கு இன்னும் முடியவில்லை என்பதே நேர்மையான தீர்ப்பு. நோய் வந்த பின் நடப்பது சற்றுத் தெளிவாகவே உள்ளது: தாமர் கோலன் குழுவினரின் 2017ஆம் ஆண்டு ஆய்வில், ஸ்பானியமும் ஆங்கிலமும் கலந்த பத்திகளை உரக்க வாசித்த நோயாளிகளிடம் ஒரு மொழிச் சொல்லுக்குப் பதில் மற்ற மொழிச் சொல் புகுந்துவிடும் பிழைகள் நலமுள்ளவர்களைவிட மிகுந்திருந்தன. வீட்டில் தமிழும் வெளியில் வேறு மொழியும் பேசி வாழ்ந்த முதியவர்கள் நிறைந்த தமிழ்நாட்டிலும் புலம்பெயர் குடும்பங்களிலும் இத்தகைய ஆய்வுக்குக் களம் ஏராளம்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்வதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான கணிப்பு கூறுகிறது. இவர்களைப் பரிசோதிக்கும் கருவிகளைப் பற்றிக் கவலைப்படக் காரணம் உண்டு. போல்ஸ்டீனும் பிறரும் 1975இல் அமைத்த, உலகெங்கும் பரவிய 30 மதிப்பெண் மனநிலைச் சோதனையில் பணிமாற்றத்துக்கும் அடக்கலுக்கும் ஏறத்தாழ இடமேயில்லை. நஸ்ரெடின் 2005இல் வெளியிட்ட மாண்ட்ரியல் மதிப்பீடு எண்ணையும் எழுத்தையும் மாற்றி இணைக்கும் சிறு பகுதியைச் சேர்த்து இக்குறையைக் களைய முயன்றது. ஆனால் எழுத்துகளின் வரிசையையே அறியாத முதியவருக்கு அப்பகுதி பயன்படாது. ஓரிரு வகுப்பு மட்டும் படித்த பாட்டி ஏ, ஐ, ஒ, ஓ என்னும் வரிசையில் தயங்கினால் அது நோயின் தயக்கமா, பள்ளி மறந்த தயக்கமா என்று பிரிக்க இயலாது. ஸ்ட்ரூப் சோதனையோ வாசிக்கத் தெரிந்தவரிடம் மட்டுமே பொருள்படும். எழுத்துக்குப் பதிலாக நிறங்களை மாற்றி இணைக்கும் வடிவமும், ஒருமுறை தட்டினால் இருமுறை தட்டச் சொல்லும் வகையிலான கைச்சோதனையும் ஏற்கெனவே உள்ளன. அவற்றைத் தமிழ்ப் பேச்சுக்கும் கல்விநிலைக்கும் ஏற்பத் தரப்படுத்துவது பெரும் செலவு பிடிக்கும் வேலையன்று. அது இன்னும் பரவலாகாதது வருத்தத்திற்குரியது.

மருத்துவத்தைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பை மிகைப்படுத்தக் கூடாது. அசிட்டைல்கோலின் சிதைவதைத் தடுக்கும் டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின் ஆகிய மருந்துகள் கவனத்தில் ஓரளவு முன்னேற்றம் தரலாம். அது சிறிதே, நிலையானதும் அன்று. அதைவிட எளிதில் செய்யக்கூடியது, அசிட்டைல்கோலினுக்கு எதிராக வேலை செய்யும் மருந்துகளைத் தவிர்ப்பது. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகள் அவ்வகையின. முதியவரின் மருந்துப் பட்டியலை மருத்துவர் ஒருமுறை முழுதாகப் பார்ப்பதே நல்ல சிகிச்சையாகிவிடுவதுண்டு.

பராமரிப்பில் ஆய்வுகளிலிருந்து நேரே பெறக்கூடியவை சில உண்டு. நோக்கத்தை மனத்தில் பிடித்து வைப்பதே கடினமெனில், அந்நோக்கத்தை வெளியே, கண்முன் வைக்க வேண்டும்: குளிக்கும் நேரத்தில் துண்டும் உடையும் வரிசையாக எடுத்து வைப்பதும், தேவையற்ற பொருள்களை மேசையிலிருந்து அகற்றுவதும் இவ்வகையில் உதவும். ஒரு வேளையில் ஒரு வேலையை மட்டுமே சொல்வதும், அது முடிந்து சற்று இடைவெளி விட்ட பிறகு அடுத்ததைத் தொடங்குவதும், பேசும்போது தொலைக்காட்சியை அணைத்துவிடுவதும் பணிமாற்றத்தின் சுமையைக் குறைக்கும். ‘அங்கே போகாதீங்க’ என்னும் கட்டளை, போகும் எண்ணத்தை அடக்கும் வேலையை நோயாளியிடமே விட்டுவிடுகிறது. ‘இங்கே வந்து உட்காருங்க’ என்பது செய்ய வேண்டியதைத் தந்துவிடுகிறது. வங்கிக் கணக்கும் எரிவாயு அடுப்பும் பிறர் மேற்பார்வைக்கு வருவது, நினைவு இன்னும் ஓரளவு நன்றாயிருக்கும் நிலையிலும் தேவைப்படலாம்.

முதியவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் குடும்பத்தினர், அவர் எவற்றை மறக்கிறார் என்பதோடு எவற்றை நிறுத்த முடியாமல் தொடர்கிறார், எந்த வேலையின் நடுவே சிக்கிக்கொள்கிறார், செய்த தவறை உணர்ந்து திருத்திக்கொள்கிறாரா என்பவற்றையும் ஓரிரு வாரம் குறித்துவைத்து எடுத்துரைக்க வேண்டும். கேட்கும் மருத்துவரும் அவற்றை முதுமையின் பிடிவாதம் என்று ஒதுக்காமல் பதிவு செய்து, நினைவுச் சோதனையோடு இத்திறன்களுக்கான சோதனையையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.